சத்தத்தைச் சேர்ந்து குறையுங்கள்: கடைவீதி வணிகர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை விளக்குத்தூண், தெற்கு மாசி வீதி, நகைக்கடைத் தெரு தொடங்கி கோவை ஒப்பணக்காரத் தெரு, சென்னை ரங்கநாதன் தெரு வரை ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை, ஓட்டல் நடத்தும் பெரியவர்களுக்கும், அந்தந்த வீதிச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

கடைகளுக்கும் மண்டபங்களுக்கும் ஒலி அமைப்பு போட்டுக் கொடுப்பது என் தொழில். உங்களில் பலருடைய கடைகளில் ஏணி போட்டு ஏறி வயர் இழுத்தவன். ஆடித் தள்ளுபடி நெருங்கும்போது எனக்கு வரும் போன்களில் பெரும்பாலும் ஒரே கோரிக்கைதான் இருக்கும். "ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்கணும்பா. எதிர்க்கடை சத்தம் நம்ம கடைக்குள்ள வருது." உள்ளே புடவை பார்க்கும் அம்மாவுக்கு விற்பனைப் பெண் சொல்லும் விலை கேட்கிறதா என்று இதுவரை எந்த அண்ணாச்சியும் என்னிடம் கேட்டதில்லை. லட்சங்களைக் கொட்டி விளக்கு போடுகிறீர்கள், எந்தப் புடவை எந்த வெளிச்சத்தில் எடுப்பாகத் தெரியும் என்று யோசித்து யோசித்து மாற்றுகிறீர்கள். ஒலியை மட்டும் வாசலில் தொங்கவிட்டுவிட்டு மறந்துபோகிறீர்கள்.

ஒலி வியாபாரத்தை மாற்றும் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. அது எந்தத் திசையில் மாற்றும் என்பதுதான் கேள்வி. 1982-இல் ரொனால்ட் மில்லிமன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சில நாள் மெதுவான தாளத்திலும் சில நாள் வேகமான தாளத்திலும் இசையை ஓடவிட்டுப் பார்த்தார். மெதுவான இசை ஓடிய நாட்களில் மக்கள் நடை தளர்ந்தது, அலமாரிகளுக்கு முன்னால் நின்று பார்த்தார்கள். வேகமான இசை நாட்களோடு ஒப்பிட்டால் விற்பனை 38 சதவீதம் கூடுதல். 1990-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தினர் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் ஒயின் அலமாரி அருகே ஒரு நாள் பிரெஞ்சு இசை, மறுநாள் ஜெர்மானிய இசை என்று மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார்கள். பிரெஞ்சு இசை நாட்களில் 40 பிரெஞ்சு புட்டிகளும் 8 ஜெர்மன் புட்டிகளும் விற்றன. ஜெர்மன் இசை நாட்களில் 22 ஜெர்மன், 12 பிரெஞ்சு. வாங்கியவர்களிடம் கேட்டபோது, பாட்டு தங்களை மாற்றியது என்று ஒப்புக்கொண்டவர்கள் மிகச் சிலர். 1993-இல் வந்த இன்னோர் அமெரிக்க ஆய்வில், ஒயின் கடையில் மேற்கத்திய சாஸ்திரிய இசை ஓடியபோது மக்கள் கூடுதல் புட்டிகள் வாங்கவில்லை. விலை கூடிய புட்டிகளை வாங்கினார்கள்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே வீணை இசை போட்டுப் பட்டுப்புடவை விலையை ஏற்றிவிடலாம் என்று கணக்குப் போட வேண்டாம். அது அவர்கள் ஊர், அவர்கள் கடை. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாலை விளக்குத்தூணில் வாடிக்கையாளரை மெதுவாக நடக்கவைத்தால் படிக்கட்டு அடைத்துக்கொள்ளும். மில்லிமன் 1986-இல் உணவகம் ஒன்றிலும் இதைச் செய்து பார்த்தார். மெதுவான இசைக்கு மேசையில் 56 நிமிடம் உட்கார்ந்தார்கள், வேகமான இசைக்கு 45 நிமிடம். சாப்பாட்டு பில் ஏறக்குறைய ஒன்றுதான். கூடியது மதுக்கணக்கு மட்டும். நம் ஊர் மதியச் சாப்பாட்டு ஓட்டலில் ஒருவர் ரசத்துக்கு வரும்போதே அவர் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த குடும்பம் பையோடு நின்றுகொண்டிருக்கிறது. அங்கே 11 நிமிடம் கூட உட்காரவைத்தால் முதலாளிக்கு நஷ்டம். ஆக, எந்தக் கடைக்கு எந்த நேரத்தில் எந்த ஒலி என்பது உங்கள் வியாபாரத்தைப் பார்த்து நீங்கள் முடிவு செய்ய வேண்டியது. இப்போது அப்படி யாரும் முடிவு செய்வதில்லை என்பதுதான் என் குறை. காலை 9 மணிக்குப் பென்டிரைவ் செருகப்படுகிறது. இரவு கடை சாத்தும்போது பிடுங்கப்படுகிறது. நடுவில் அதே ஆறேழு பாட்டு, அதே விளம்பரம்.

கடைக்கும் அலுவலகத்துக்கும் இசையைத் தயாரித்து விற்பதையே தொழிலாக்கியது மியூசாக் என்ற அமெரிக்க நிறுவனம். ஜார்ஜ் ஸ்கொயர் என்ற ராணுவத் தளபதி, கம்பி வழியாக இசை அனுப்பும் முறையை வைத்துத் தொடங்கியது. 1934-இல் அந்தப் பெயர் வந்தது. உப்புச் சப்பில்லாத இசை என்று பிற்காலத்தில் அதைக் கேலி செய்தார்கள், கேலியில் நியாயமும் உண்டு. ஆனால் அவர்களுக்கு ஒன்று தெரிந்திருந்தது. பதினைந்து நிமிடம் இசை என்றால் அடுத்த பதினைந்து நிமிடம் மௌனம் என்று கணக்கு வைத்து அனுப்பினார்கள். ஓயாமல் ஓடும் எதையும் காது சீக்கிரம் ஒதுக்கிவிடும் என்பதால் மௌனத்தையும் சேர்த்தே விற்றார்கள். உங்கள் கடையின் 40 விநாடி விளம்பரம் ஒரு நாளில் எத்தனை தடவை ஓடுகிறது என்று உங்கள் செக்யூரிட்டியைக் கேட்டுப் பாருங்கள். அவர் அதைத் தூக்கத்திலும் சொல்வார்.

அந்த செக்யூரிட்டிக்காகத்தான் இந்த மடலின் பாதி.

வாசலில் தொங்கும் ஹார்ன், அதாவது கூம்பு வடிவ ஒலிபெருக்கி, எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறையும்; டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு. சாலைக்கு அந்தப் பக்கம் 16 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே 80 டெசிபல் கேட்க வேண்டுமானால், ஹார்னுக்கு ஒரு மீட்டர் முன்னால் 104 டெசிபல் இருந்தாக வேண்டும். இரண்டு மீட்டரில் 98. வாசலில் நிற்கிற செக்யூரிட்டியும், கார்ட்லெஸ் மைக்கைப் பிடித்து "வாங்கம்மா வாங்க" என்று கூப்பிடும் பையனும் நிற்பது அந்த இரண்டு மீட்டரில். ஹார்னுக்கு நேர் எதிரில் இல்லாமல் கீழே நிற்பதால் கொஞ்சம் குறையும். தாராளமாகக் கழித்து 91 என்றே எடுத்துக்கொள்வோம். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் அளவு: 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி நேரம், 91-க்கு 2 மணி நேரம். உங்கள் பையனின் டியூட்டி பத்து, பன்னிரண்டு மணி நேரம். அவன் காதில் ரீங்காரம் இருப்பதை உங்களிடம் சொல்ல மாட்டான். எனக்குத் தெரியும், ஏனென்றால் வயர் மாற்றப் போகும்போது என்னிடம் சொல்கிறார்கள்.

2021-இல் தமிழ்நாடு அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று ஆக்கியது. கேரளா 2018-இலேயே செய்தது. நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த பெண்களின் கால்களைச் சட்டம் அப்படி ஒருவழியாகக் கண்டுகொண்டது. இருக்கை போட்ட கடைகள் உண்டு, போட்டும் உட்காரவிடாத கடைகளும் உண்டு. அதைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும். காதுக்கும் தொண்டைக்கும் அப்படி ஒரு வரி இன்னும் எழுதப்படவில்லை. தொண்டை என்று ஏன் சொல்கிறேன் என்றால், சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதன் தன்னை அறியாமல் குரலை உயர்த்துகிறான். எத்தியேன் லோம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் இதை எழுதிவைத்தார், அவர் பெயராலேயே இன்றும் அழைக்கிறார்கள். பாட்டு சத்தத்துக்கு மேல் விற்பனைப் பெண் பேச வேண்டும், அவளுக்கு மேல் வாடிக்கையாளர், இரண்டு பேருக்கும் மேல் பக்கத்துக் கவுண்டர். ஒரு மணி நேரத்தில் மாடி முழுக்கக் கத்துகிறது. பிறகு மேனேஜர் வந்து, "கூட்டத்துல பாட்டே கேக்கல, கொஞ்சம் ஏத்து" என்கிறார்.

நகைக்கடைகளைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். ஜவுளிக்கடை பிழைத்துப்போகிறது. கூரை வரை அடுக்கிய துணி ஒலியைக் குடித்துவிடும். வாலஸ் சபைன் என்ற ஹார்வர்டு ஆசிரியர் 1895-இல், எதிரொலியால் யாருக்கும் பாடம் புரியாத ஒரு விரிவுரை மண்டபத்தைச் சரிசெய்யச் சொல்லி அனுப்பப்பட்டார். பேச்சு நின்ற பிறகும் அங்கே ஒலி ஐந்தரை விநாடி மிதந்துகொண்டிருந்தது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து பரப்பிப் பரப்பி அளந்தார். எவ்வளவு மெத்தையோ அவ்வளவு அடக்கம். இன்று உலகம் முழுக்க அரங்கங்களுக்குப் போடும் கணக்கு அங்கிருந்து வந்ததுதான். உங்கள் ஜவுளிக்கடையின் ஒவ்வொரு மாடியும் சபைன் கேட்ட மெத்தை அரங்கம்தான், தெரியாமலே கிடைத்த வரம்.

நகைக்கடையில் தரை பளிங்கு, சுவர் கண்ணாடி, கவுண்டர் கண்ணாடி, கூரை ஜிப்சம் பலகை. பளிங்கும் கண்ணாடியும் தங்கள்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான் உறிஞ்சும், மீதியைத் திருப்பி அறைக்குள் எறியும். அந்த அறைக்குள் நாலு மூலையில் நாலு ஸ்பீக்கர் பாக்ஸ் வைத்துப் பாட்டு போடச் சொல்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள், கடைத்தெருவிலேயே மிக நுணுக்கமான பேச்சு நடக்கும் இடம் நகைக்கடைதான். சேதாரம் எத்தனை சதவீதம், செய்கூலி எவ்வளவு, பழைய நகையில் கழிவு எவ்வளவு, கல்லுக்கு எடை கழித்தாயிற்றா என்று ஒவ்வொரு சொல்லும் ஆயிரக்கணக்கில் பணம். பேசுகிறவர்களில் ஒருவர் பெரும்பாலும் ஐம்பது அறுபது வயது தாண்டியவர். மகள் கல்யாணத்துக்கு வந்த அப்பா, பேத்திக்குக் காது குத்த வந்த பாட்டி. ஒரு மீட்டர் தூரத்தில் இயல்பான பேச்சு ஏறக்குறைய 60 டெசிபல். வயது கூடக் கூட, சுற்றுச் சத்தத்தைவிடப் பேச்சு கணிசமாகத் தூக்கலாக இருந்தால்தான் சொற்கள் பிரிந்து கேட்கும். கடைக்குள் பாட்டு 72 டெசிபலில் ஓடினால் பாட்டி தலையை மட்டும் ஆட்டுவார். பில் போட்ட பிறகு, "நீங்க சேதாரம் எட்டுன்னுதானே சொன்னீங்க" என்று தகராறு வரும். அவர்மேல் தப்பில்லை. எட்டும் பதினெட்டும் அந்தச் சத்தத்தில் ஒன்றுபோலத்தான் கேட்கும். இன்னொன்றும் உண்டு. கடன் வாங்கி நகை எடுக்கிறவர்கள் தங்கள் பட்ஜெட்டை உரக்கச் சொல்லக் கூசுவார்கள். கத்திச் சொல்ல வேண்டிய நிலை வந்தால், "போய்ட்டு வரோம்" என்று எழுந்துவிடுவார்கள். விலை பிடிக்கவில்லை என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள்.

நகைக்கடை வேலைக்கு என்னைக் கூப்பிட்டால் முதலில் சொல்வது, கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை போடுங்கள், கவுண்டர்களுக்குப் பின்சுவரில் துணி பொதிந்த பலகை வையுங்கள், பிறகு ஸ்பீக்கர் பேசலாம் என்பதுதான். பாதிப் பேர் அதோடு வேறு ஆளைத் தேடிப் போய்விடுகிறார்கள்.

ஸ்பீக்கர் என்று வந்தால், நாலு பெரிய பாக்ஸ் வேண்டாம், நாற்பது சின்னது வேண்டும். பத்தடி உயரக் கூரை, நிற்பவர் காது ஐந்தடியில். 90 பாகை விரியும் சீலிங் ஸ்பீக்கர் ஒன்று காது மட்டத்தில் பத்தடி அகல வட்டத்தை மூடும். அந்தக் கணக்கில் வட்டங்களை ஒன்றையொன்று தொடும்படி வைத்தால், எந்த ஸ்பீக்கரும் உரக்கப் பாட வேண்டியதில்லை. பல ஸ்பீக்கர்களை ஒரே வயரில் இணைக்கும் 100 வோல்ட் லைனில் போட்டால் ஒவ்வொரு ஸ்பீக்கரும் எவ்வளவு சத்தம் போட வேண்டும் என்று ஒன்றரை வாட், மூன்று வாட், ஆறு வாட் எனத் தனித்தனியாக மாற்றிக்கொள்ளலாம். பில் கவுண்டருக்கு மேல் ஒன்றும் வைக்காமல் விடலாம். குழந்தைகள் துணிமாடிக்கு ஒரு மாதிரி, பட்டு மாடிக்கு வேறு மாதிரி என்று பகுதி பகுதியாகப் பிரிக்கலாம். இதில் ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை, பத்தாவது படித்துவிட்டு வயரிங் கற்ற பையன் செய்துவிடுவான். செலவு முதலில் கூடும் என்பது உண்மை. பாட்டுக்கு உரிமம் வாங்கியிருக்கிறீர்களா என்று நான் கேட்க மாட்டேன், அதைக் கேட்பவர்கள் வேறு ஆட்கள், வருவார்கள்.

கடைக்குள் சத்தத்தைக் குறைக்கச் சொல்வதற்கு முக்கியமான காரணம் வேறு. கடையில் மைக் எதற்கு? குழந்தை காணாமல் போனால் அறிவிக்க. கரண்ட் போய்ப் புகை வந்தால் எந்தப் படிக்கட்டு என்று சொல்ல. 2017 மே 31 அன்று தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக் கட்டடம் எரிந்தது, பிறகு அதை இடித்தே தள்ள வேண்டியதாயிற்று. தீ பிடித்தது அதிகாலை என்பதால் உள்ளே வாடிக்கையாளர் கூட்டம் இல்லை. மாலை ஏழு மணிக்கு உங்கள் நான்காவது மாடியில் ஒருவர் மைக்கில் பேசினால் யாராவது நிமிர்ந்து பார்ப்பார்களா? நாள் முழுக்கத் தள்ளுபடி கத்தும் ஸ்பீக்கரை மக்கள் கேட்காமலிருக்கப் பழகிவிட்டார்கள். அதிலிருந்து ஆபத்து நேரத்தில் வரும் குரலும் அப்படித்தான் போகும்.

வெளியே உள்ள சட்டமும் உங்களுக்குத் தெரிந்ததுதான். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி வணிகப் பகுதியில் பகலில் 65 டெசிபல், இரவில் 55. ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலமான அனுமதி வேண்டும். பொது இடத்தின் எல்லையில் அந்த 65-ஐவிட 10 கூடலாம், ஆனால் 75-ஐத் தாண்டக்கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் கூடாது. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம், பேசும் உரிமை உள்ளவருக்குக் கேட்க விரும்பாதவரைக் கேட்கவைக்கும் உரிமை கிடையாது என்ற அடிப்படையில் விரிவாகத் தீர்ப்பு எழுதியது. "கோயில் திருவிழாவை விட்டுட்டு எங்களைப் பிடிக்கிறியே" என்பீர்கள். திருவிழா பத்து நாளில் முடிந்துவிடும். உங்களுக்கு ஆடி முடிந்தால் ஆவணி முகூர்த்தம், அது முடிந்தால் தீபாவளி, பொங்கல், அட்சய திருதியை.

சட்டத்தைக் காட்டி மிரட்டுவது என் நோக்கமில்லை. மிரட்டினாலும் ஒன்றும் நடக்காது, இத்தனை வருஷம் நடக்கவில்லையே. தனித்தனிக் கடைக்காரரிடம் பேசிப் பயனில்லை என்பதால்தான் சங்கத்துக்கு எழுதுகிறேன். ஒருவர் மட்டும் ஹார்னைக் கழற்றினால் எதிர்க்கடை சத்தம் அவர் வாசலை ஆக்கிரமிக்கும். அது நியாயமான பயம். ஒருவர் 3 டெசிபல் ஏற்றினால் அடுத்தவர் 3 ஏற்றுகிறார். கடைசியில் எல்லோருக்கும் ஆம்ப்ளிஃபயர் செலவு கூடியிருக்கும், யாருடைய விளம்பரமும் யாருக்கும் புரியாது. வீதியே சேர்ந்து 10 டெசிபல் இறக்கினால் ஒவ்வொரு கடையும் அடுத்த கடையை ஒப்பிடும்போது இருந்த இடத்தில்தான் இருக்கும், காதுக்கு மட்டும் வீதி ஏறக்குறையப் பாதி சத்தமாகிவிடும். கடையடைப்புக்கும் விடுமுறை நாளுக்கும் ஒரே முடிவெடுத்துக் கட்டுப்படும் சங்கங்களுக்கு இது முடியாத காரியமல்ல. இறக்கினால் எனக்கு ஹார்ன் வாடகை போகும். போகட்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன். ஆஸ்திரேலியாவில் கோல்ஸ் சூப்பர் மார்க்கெட் 2017-இலும், பிரிட்டனில் மாரிசன்ஸ் சூப்பர் மார்க்கெட் 2018-இலும் அமைதி நேரம் என்று ஒன்று தொடங்கின. பாட்டு கிடையாது, அறிவிப்பு கிடையாது, பில்லிங் மெஷினின் பீப் ஒலியும் குறைவு. 2023-இல் அமெரிக்காவில் வால்மார்ட் தினமும் காலை 8 முதல் 10 வரை அப்படிச் செய்யத் தொடங்கியது. பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 2016-இலேயே கடைகளில் பின்னணி இசையை நிறுத்திவிட்டது, கடை மூடிப்போகவில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தையின் தாய் புத்தாடை எடுக்கக் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வருகிறார், அளவு சரியில்லை என்று திரும்ப வருகிறார். காதுக்கருவி போட்ட தாத்தா வாசலிலேயே அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்கிறார். கூட்டமில்லாத வார நாள் காலை ஒரு மணி நேரத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். எந்த நாள் என்று வாசலில் எழுதி ஒட்டினால் போதும்.

உங்கள் வீதிச் சங்கம் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுவதாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். காசு வேண்டாம், டெசிபல் மீட்டரை நானே கொண்டுவருகிறேன். கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு வீதியின் நடுவில் ஒன்று, ஒரு செக்யூரிட்டி நிற்கும் இடத்தில் ஒன்று, ஒரு நகைக்கவுண்டரின் இந்தப் பக்கம் ஒன்று என்று மூன்று இடத்தில் அளந்து, எண்களை உங்கள் மேசையில் வைக்கிறேன். எந்தக் கடை என்ன எண் என்று வெளியே சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
ஒலி அமைப்பாளர் ஒருவர்,
மதுரை